ஒரு வரிக் கட்டளை

ஆர்ஹுஸ், வியாழன் (மின்னஞ்சல்)

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

செவ்வாயன்று ஒரு சின்னத் தவறு. ஓடாத கன்டெய்னர்களை நீக்கக் கட்டளை அடித்தேன். நீங்கள் துறைமுகத்தில் ஏற்றும் பெட்டி இல்லை. கணினிக்குள் மென்பொருளை அடைத்து ஓட்டும் பெட்டி. அதோடு எங்கள் நிறுவனம் கவனிக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தின் முன்பதிவுகளும் அழிந்துவிட்டன. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பக்கத்து மேசை ட்ரோல்ஸிடம் சொல்லிவிட்டேன்.

"இனி எதையும் தொடாதே, தாயே! காலையில எடுத்த நகல் இருக்கு," என்றார்.

அந்த நகலுக்குப் பிறகு பதிவு செய்திருந்த பதினொரு பேரை, மையத்துக்கு அன்று வந்த போன் அழைப்புகளின் பட்டியலைப் பார்த்து நானே அழைத்து மறுபடி நேரம் குறித்தேன். ஒருவர் மட்டும், "நீ கூப்பிடாம இருந்திருந்தா நான் என்னம்மா ஆகியிருப்பேன்?" என்றார்.

காய்ந்த ஆட்டிறைச்சி கொஞ்சம் அனுப்புங்கள். நாளை மூன்று மணிக்கு மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். பயமெல்லாம் இல்லை. நாலு மணிக்குப் போனைக் கையிலேயே வைத்திருங்கள், அப்பா.

அவசரத்தில்,
ரன்வா