தேதி இல்லாத பதினொன்று

நாள் 412, 07:10

என் ஆவணத்திலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. எடுத்தவர் தரைநிலையத்தின் தலைமைப் பொறியாளர் வரதராஜன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் பிலோமினா ரோச். வயது அறுபத்தாறு. நிலவின் தென்முனையில் பனி உருக்கும் நிலையத்தின் மென்பொருள் பராமரிப்பாளர். முன்பு தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டினேன். நிரல் எழுத யாரும் சொல்லித்தரவில்லை. நானே கற்றேன்.

இங்கே நிலையத்தை நடத்துவது ஆறு செயற்கை அறிவு ஏஜென்ட்கள். எந்த மென்பொருளையும் புதுப்பிக்கும் முன், நிறுத்தும் முன், அவை ஆயுள் பட்டியலைப் பார்க்கும்: இது எப்போது வந்தது, எதுவரை ஆதரவு, இதற்குப் பின் எது? அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்ற ஆவணம் நான் எழுதியது. நான்கு பக்கம். பதினொரு மென்பொருள்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. அவை நான் எழுதி, இன்றும் நானே பார்த்துக்கொள்பவை. அவற்றுக்காக வைத்த வரி இது: "தேதி இல்லை என்றால் முடிந்தது என்று பொருளல்ல. மனிதரைக் கேள்."

ஏஜென்ட்கள் மனிதரை ஓயாமல் கேள்வி கேட்கின்றன என்கிறார் வரதராஜன். வரியை எடுத்துவிட்டு, "தேதி இல்லாதவை ஆதரவற்றவை, நிறுத்துக" என்று போட்டிருக்கிறார். மீதியையும் சுருக்கி நான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்கியதில் அவருக்குப் பெருமை வேறு.

ஏஜென்ட்கள் ஆவணத்தை ஒரு நாளைக்கு ஒரு முறை, 18:00 மணிக்கு மட்டும் படிக்கும். ஆட்சேபம் அனுப்பிவிட்டேன்.

நாள் 412, 18:40

பதில் வரவில்லை. கழிப்பறை நின்றது. பதினொன்றில் அதுதான் மூத்தது. தரைநிலையத்தில் பணியில் இருந்தவர் சேர்மத்துரை. பதினாறு வருடப் பழக்கம்.

"யக்கா, ஒரு கக்கூஸுக்கா இம்புட்டு கோவம்?"

"ஒங்க வீட்டுக் கக்கூஸ அடைச்சுப் போட்டா தெரியும்டே."

"வரதராஜன் சார்ட்ட சொல்லுதேன். காலைல பேசுவோம்னாரு."

நாள் 413, 08:20

இரவோடு மேலும் மூன்று நின்றன. காலையில் நடைபாதை வெப்பம் நின்றது. சுவரில் பனி பூக்கிறது. ஏஜென்ட்கள் வயது வரிசையில் வருகின்றன. அடுத்தது ஆறாவது. அதன் பெயர் மூச்சு. அறைக்காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டியை ஓட்டுவது அதுதான்.

நிலையத்தில் நானும் ஜெபஸ்டினும் மட்டும். அவன் துளையிடும் பொறியாளர். நான்கு நாட்களுக்கு முன் வலது தோள் உடைந்து படுத்திருக்கிறான். விண்ணுடை மாட்டி அதன் காற்றில் இருக்க அவனால் முடியாது.

சேர்மத்துரை: "யக்கா, ஏதாச்சும் ஒரு தேதியப் போட்டு விடுங்க. அஞ்சு வருசம் தள்ளிப் போடுங்க. அதுக சும்மா போயிரும்."

"அஞ்சு வருசம் கழிச்சு இங்க இருக்கவன் மூச்சு முட்டிச் சாவட்டுமா? பொய்த் தேதி போட மாட்டேன்."

"அப்பத்த கத அப்ப பாக்கலாம்க்கா."

"அப்படிச் சொல்லித்தான் ஒரு வரியத் தூக்குனீய. வரிய வைக்கச் சொல்லு."

"அதுக்கு அவர் கையெழுத்து வேணும். மச்சினன் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. போன எடுக்க மாட்டேங்காரு."

நாள் 413, 09:05

அரை மணி நேரம் வாதாடினேன். பிறகு உள்தொலைபேசியில் ஜெபஸ்டின் கேட்டான்: "பெரியம்மா, சண்டையில ஜெயிச்சிட்டீங்களா? எனக்குக் குளிருது."

மூச்சு ஒன்றுக்கு மட்டும் தேதி போட உட்கார்ந்தேன். பட்டியலில் தேதி போட இங்கும் தரையிலும் எனக்கு மட்டுமே அனுமதி. பட்டியல் என்னை உள்ளே விடவில்லை. நான்காம் ஏஜென்டின் பதில்:

"பராமரிப்பாளர் ரோச். பணி நிறைவுத் தேதி: இல்லை. தேதி இல்லாதவை ஆதரவற்றவை. அனுமதி 08:52 மணிக்கு நிறுத்தப்பட்டது."

பணியாளர்களையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஓய்வுப் படிவத்தை மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்பினேன்.

அரை மணி முன்பே உட்கார்ந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். அது என் குற்றம். வரியை எடுத்தது அவர் குற்றம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடமாட்டேன்.

நாள் 413, 09:22

மூச்சு நின்றது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. விசிறிக்குக் கைப்பிடி உண்டு. சுற்றினால் காற்று பெட்டிக்குள் போகும். 18:00 மணிக்குள் வரி ஆவணத்தில் ஏறிவிட்டால், ஏஜென்ட்கள் அதைப் படித்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டும். அதுவரை சுற்ற வேண்டும்.

நாள் 413, 11:40

கரியமில வாயு 1.4 சதவீதம். நான்கைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிமிடத்துக்கு முப்பது சுற்று. இருபத்தைந்துக்குக் குறைந்தால் ஏறுகிறது.

சேர்மத்துரை: "கார்ல ஏறிட்டேன்க்கா. கல்யாண மண்டபத்துக்கு மூணு மணி நேரம். பந்தியில இருந்தாலும் எழுப்பிக் கையெழுத்து வாங்காம வர மாட்டேன்."

"சாப்பிட்டு வா."

"இந்த நேரத்துலயும் நக்கலா?"

நாள் 413, 14:50

2.6. தலைவலி. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது, துணி சுற்றியிருக்கிறேன். ஜெபஸ்டின் வருகிறேன் என்கிறான். வேண்டாம், பேசாமல் படு, பேசினால் காற்று செலவு என்றேன். "அப்ப நீங்க திட்டுறத நிறுத்துங்க" என்றான்.

சேர்மத்துரையிடமிருந்து ஒன்றும் இல்லை.

நாள் 413, 16:30

3.5. சேர்மத்துரையை அழைத்தேன். பதில் இல்லை. எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. சுற்று இருபத்திரண்டு.

நாள் 413, 17:12

3.9. எழுதுவதற்காகச் சுற்றுவதை நிறுத்தினால் ஏறுகிறது. இது கடைசி.

வரதராஜன்: எடுத்த வரியை அதே சொற்களில் வைக்க வேண்டும். எடுத்தது தான்தான் என்று அதன் கீழே பெயர் போட வேண்டும்.

சேர்மத்துரை: 18:00 தவறினால் அடுத்த 18:00. அதுவரை ஜெபஸ்டினோடு பேச வேண்டும். தூங்க விடக் கூடாது.

தரைநிலையம்: மனிதர்களைத் தனிப் பட்டியலில் வைக்க வேண்டும். மூச்சு தவிர மீதி பத்துக்கும் பொய்த் தேதி போடக் கூடாது.

ஜெபஸ்டின், இது உன் திரையிலும் தெரியும்: விசிறிச் சத்தம் நின்றால் எழுந்து வா. இடது கையால் பிடி. வலப்பக்கம் சுற்று. முப்பது. நான் வழியில் கிடந்தால் தாண்டிப் போ. முதலில் கைப்பிடி. என்னை அப்புறம்