கண்மாய்க்கரைத் தெருவின் சௌகரியங்கள்

கண்மாய்க்கரைப் புதுத்தெரு,
அருப்புக்கோட்டை.
விய வருஷம், மாசி மாதம் (1947)

சிரஞ்சீவி சௌடப்பனுக்கு உன் அப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று பழக்கத்தில் கை எழுதப் போனது, பிடித்து நிறுத்திவிட்டேன். நானும் உன் அம்மாவும் க்ஷேமம். அதற்கு மேல் அந்த வார்த்தையை இழுத்தால் நூல் இல்லாத தறி மாதிரி வெறும் சத்தம்தான் வரும். பம்பாயில் உனக்கும் உன் மில் வேலைக்கும் சௌடேஸ்வரி துணை.

கல்யாணம் முடிந்ததும் வெங்கடலட்சுமியை நம் வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் பம்பாய் திரும்பலாம் என்று நினைப்பதாகவும், ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் புதிதாக எழுந்த தெருவாயிற்றே, அங்கே அவளுக்கு என்னென்ன சௌகரியம் இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். சொல்கிறேன். காற்று தாராளம். மழை பொய்த்ததில் கண்மாயில் இப்போது காற்று மட்டும்தான் தளும்புகிறது. தெரு விளக்குக்குக் கம்பம் நட்டாயிற்று, மண்ணெண்ணெய் வரவில்லை, ஆகையால் இப்போதைக்கு நாய்களுக்குத்தான் உபயோகம். பந்தல்குடி ரோட்டில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸு நிற்கும், நிற்க வேண்டிய இடத்தில் அல்ல, அதற்கு மூச்சு நின்ற இடத்தில். அதைத் தள்ளித் தள்ளியே என் தொந்தி பாதி கரைந்தது என்று உன் அம்மாவுக்குச் சந்தோஷம், மீதிப் பாதியை ரேஷன் அரிசி பார்த்துக்கொள்ளும். வாசகசாலைக்கு வருவது ஒரே பத்திரிகை, அதையும் தெருப் பெரியவர் சௌடையா முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார், குறட்டையில் காகிதம் தூக்கும்போது குனிந்து பார்த்தால் உலகச் செய்தி கொஞ்சம் தெரியும். கடைசியாகக் கிணறு. இந்தத் தெருவுக்கு இருந்த ஒரே மெய்யான சௌகரியம் அதுதான். அதை எழுதப் பயந்துதான் பஸ்ஸையும் நாயையும் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

டவுனில் காலரா என்று பேச்சு வந்ததும் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் நம் கிணற்றுக்கு வந்திருக்கிறார். அன்று நெசவாளர் சொசைட்டியில் நூல் கொடுக்கிறார்கள் என்று தெருவே அங்கே போய் நின்றது. கிணற்றடியில் ஆடு மேய்க்கிற மாயக்காள் மட்டும் இருந்தாள், பரளச்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அவளிடம், "கிணத்துல மருந்து போட்டிருக்கேன், எல்லார்ட்டயும் சொல்லீரு" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிள் ஏறிவிட்டார். அவளும் ஓர் எழுத்து மாற்றாமல், "கிணத்துல மருந்து போட்டுருக்காகளாம்" என்று சொன்னாள். எட்டிப் பார்த்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் கிடக்கிறது. வேறு தெருவாக இருந்தால் மருந்து என்றால் மருந்து. நம் தெருவில் சாயப்பொடிக்கல்லவா அந்தப் பேர் வைத்திருக்கிறோம். சாயம் போடுகிறவரும் உன் வருங்கால மாமனார் திம்மையா ஒருவர்தான். "குடிக்கிற கிணத்துலயா நூல அலசுன?" என்று சௌடையா கேட்டார். திம்மையா, "சாயம் போட எங்கிட்ட நூலு எங்க இருக்கு, நீங்க குடுத்தீகளா?" என்றார். நியாயமான கேள்வி. நம் ஆட்கள் நியாயமான கேள்விக்குச் சத்தத்தில்தான் பதில் சொல்வார்கள். "நூலு இல்லேன்னா வேட்டிய அலசியிருப்பான்" என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தீர்ப்பும் ஆயிற்று. திம்மையா வீட்டார் இனி அந்தக் கிணற்றில் வாளி விடக் கூடாது. பிறகு தெருவே கூடி, மருந்துத் தண்ணீரை அடிமண் தெரிய இறைத்து வெளியே கொட்டினோம். என் பங்குக்கு நானும் கயிறு பிடித்தேன், இறைத்ததைவிட இளைத்தது அதிகம்.

திம்மையா வீட்டில் கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள், ஆடும் மாடும் வாய் வைக்கிற இடம். அவர் பெண்சாதி சௌடம்மாளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. எனக்குத் தங்கை முறை, உனக்கு மாமியாராக வேண்டியவள். நம் வீட்டுக் கன்னடப் பேச்சில் "நீரு, நீரு" என்று தண்ணீரே கேட்டுக்கொண்டிருந்தாளாம். நல்ல தண்ணீர் ஒரு குடம் கொடுக்கலாம் என்று வெங்கடலட்சுமி கிணற்றடிக்கு வந்திருக்கிறாள். யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. வழிதான் விடவில்லை. "ஊத்துத் தண்ணி இருக்குல்ல தாயி" என்று பதமாகத்தான் சொன்னார்களாம். அந்த வரிசையில் உன் அம்மாவும் குடத்தோடு நின்றாள். அன்று பொழுது சாயுமுன் சௌடம்மாள் போய்விட்டாள். அப்புறம் நோய் எங்கள் கிணற்றுக்கும் வந்தது. மருந்தைத்தான் நாங்களே இறைத்துவிட்டோமே. சௌடையாவின் பேத்தி போனாள், எதிர்வீட்டு லிங்கம்மாளும் அவள் கைக்குழந்தையும் போனார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, "காலராவுக்குப் போட்ட மருந்த எவன்யா எறச்சது?" என்று கேட்டபோது கயிறு பிடித்த கைகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின. மாயக்காள் மட்டும், "நான் மருந்துன்னுதான சாமி சொன்னேன்" என்று அழுதாள்.

நேற்று திம்மையா வீட்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெங்கடலட்சுமிதான் பேசினாள். "பேச்சு மாற மாட்டேன் மாமா, அவுகளத்தான் கட்டிக்கிறேன். ஆனா எங்கம்மா கேட்டுக் கெடைக்காத தண்ணிய நான் ஒங்க வீட்டுல வந்து மோந்து குடிக்க மாட்டேன். அவுக இருக்கிற எடத்துக்கு வாரேன். இங்க விட்டுட்டுப் போறதா இருந்தா தாலியே வேண்டாம்னு எழுதீருங்க" என்றாள். எழவு வீட்டில்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற உன் அப்பன் நான், நேற்று எழுதுகிறேன் தாயி என்று மட்டும் சொல்லி வந்தேன், எழுதிவிட்டேன். வைகாசி முகூர்த்தம் இனி இல்லை, துக்கம் கழியட்டும். ஆனால் உன் பதிலைத் தள்ளிப்போடாதே, அதையும் எனக்கு எழுதாதே, திம்மையாவுக்கு எழுது.

நீ குடியிருக்கிற கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே குழாய், விடிந்தால் வரிசை, முன்னால் நிற்கிறவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடத் தெரியாது என்று குறைப்பட்டிருந்தாய். தெரியாமலே இருக்கட்டும் அப்பா. முறை வந்தால் அவள் குடத்தில் தண்ணீர் விழும் அல்லவா, அந்த ஒரு சௌகரியம் இங்கே இல்லை. அங்கேயே கூட்டிப் போய்விடு.

நீயும் அவளும் நீடூழி வாழ அம்மன் அருள் செய்யட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, அவளுக்கென்று தனியாக நாலு வரி எழுது. கிணற்றைப் பற்றி மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
லிங்கையா