பிலோமி கொண்டுபோன செம்பு

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
19.5.81, செவ்வாய்

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். அதை எழுத முடிகிற நாளில்தான் இது தபாலுக்குப் போகும். பயப்படாதே, இந்த நிமிஷம் உன் பிள்ளைகள் இரண்டும் என் கண்ணெதிரே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஊரில் காலரா என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். தேசம் தேசமாகச் சுற்றுகிற வியாதி நம் தெருவுக்கு வழி கேட்டா வரும், வந்துவிட்டது. முனிசிபாலிட்டி ஆட்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள், எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். நீ எழுதியபடி தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். லீவுக்கு வந்த பிள்ளைகளை ஆற்றுக்கு விடவில்லை, கடற்கரைக்கு விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட விடவில்லை. இந்த வெயிலில் இரண்டு வாலில்லாக் குரங்குகளை வீட்டுக்குள் கட்டிப்போட்டுப் பார், அப்போது தெரியும் உன் அப்பன் படுகிற பாடு. சைக்கிள் கடையையும் பூட்டிவிட்டதால் எனக்கே இருப்புக்கொள்ளவில்லை, அவர்களை எப்படிக் குறை சொல்ல. கடையிலிருந்து பழைய ரிம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். சவரி அதைக் கூடத்தில் உருட்டி உன் அம்மாவின் ஊறுகாய் ஜாடியைத் தூள் பண்ணினான். டியூபை வெட்டி ரப்பர் வளையம் செய்யச் சொன்னேன், அதை வைத்து என் மண்டைக்கே குறிபார்த்தார்கள். கடைசியில் பிலோமிதான் ஆஸ்பத்திரி விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அவள் உன்னைப் போல நர்சு, சவரி நோயாளி. ஒரு பெரிய செம்பு காய்ச்சின தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சர்க்கரை, மூன்று விரலில் எடுக்கிற உப்பு என்று நீ எழுதியிருந்தாயே, அதை அப்படியே கலந்து கரண்டி கரண்டியாகப் புகட்டுவாள். நோயாளிக்குச் சர்க்கரை ருசி கண்டுவிட்டது, குணமாகவே மாட்டேன் என்கிறான். ரேஷன் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்று உன் அம்மா கத்தினாள். கத்தட்டும், வீட்டுக்குள் இருக்கிறார்களே, அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டு வடிவாம்பாள் வாசற்படியில் சாய்ந்து கிடக்கிறாள், வாந்தி. சாக்கடைத் தண்ணீர் தகராறில் இரண்டு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை, உனக்குத் தெரியும். புருஷன் சோமு அறுவடைக்கு நெடுங்காடு போயிருக்கிறான். சைக்கிளில் போன அலாவுதீனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று கதவைத் தாழ்போட்டு ஜன்னலையும் சாத்தினேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய? திரும்பிப் பார்க்கிறேன், பிலோமியைக் காணோம். கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்படியில் செம்பைக் காணோம். ஓடினேன். அந்த அம்மாள் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு முழுங்கு அத்தை, ஒரே ஒரு முழுங்கு என்று ஊற்றிக்கொண்டிருக்கிறாள், ஒன்பது வயசுப் பிள்ளை. எந்திரிச்சு வாடீ என்று கையைப் பிடித்து இழுத்தேன். நான் வந்துட்டா யாரு குடுப்பா, நீங்க குடுப்பீங்களா என்று கேட்டாள். நான் வடிவாம்பாள் தலையைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஊற்றினாள், ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை. பிறகு பிலோமியைச் சோப்புத் தீரத் தீரக் கழுவிவிட்டேன். அஞ்சு நாள் கவனமா பாத்துக்குங்க என்று டாக்டர் சொன்னார். நானும் பார்க்கிறேன். பிலோமி கொல்லைக்குப் போனால் நானும் பின்னால் போய் நிற்கிறேன். எனக்கு ஒன்னுமில்ல, போங்க தாத்தா என்று விரட்டுகிறாள். உன் அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. உனக்குத் தந்தி கொடுக்கலாமா என்று மூன்று தடவை சட்டையை மாட்டிக் கழற்றிவிட்டேன். நீ ரயிலில் கிடந்து தவிப்பாயே என்றுதான் கொடுக்கவில்லை.

வியாழன். நேற்று சாயங்காலம் பிலோமி வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். செல்வி, அந்த நேரத்தை எப்படி எழுதுவேன். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டேன். பின்னாலேயே சவரி அழுதுகொண்டே ஓடிவந்தான், மாங்கா தின்னோம் தாத்தா, உப்பு வச்சு நாலு மாங்கா தின்னோம் என்று. கொட்டைகளை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அடிக்கக் கை ஓங்கினேன், கட்டிக்கொண்டு அழத்தான் வந்தது.

வெள்ளி. டாக்டர் காலையில் பார்த்துவிட்டு இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார். வடிவாம்பாளும் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்று, அண்ணே, அந்தப் புள்ளைய ஒரு தரம் காட்டுங்க என்றாள். அண்ணே என்று கூப்பிட்டு எத்தனை நாளாச்சு. சாக்கடையை நானே வெட்டி விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வார்டில் கண்ட நோயாளியையும் தொடுகிறாய், அந்த வேலையை விட்டுத் தொலை என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவேனே, இனி எழுதமாட்டேன். உன்னை நினைத்து எனக்குள்ள பயம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் நீ அங்கே என்ன செய்கிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வாசலில் பார்த்துவிட்டேன் அம்மா.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக. அம்மாவ கைய சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க தாத்தா, மறந்துருவாங்க என்று பிலோமி பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

விட்டுப்போன வரி: இங்கே நாங்கள் எல்லோரும் சுகம்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
இஞ்ஞாசி