வாசலில் திரும்பி நிற்பவரையும் கணினியில் சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்:
சரக்குக் கூடத்தில் சுமை தூக்கி ஓய்வுபெற்றவன்,
விமான நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
விமானப் பாதுகாப்புச் சான்றிதழ் அலுவலகம்.

பொருள்: புதிய விமானத்திலிருந்து பயணிகள் தப்பிக்கும் சோதனையைக் கணினியில் மட்டும் நடத்தி முடித்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். மாலை வகுப்பில் சேர்ந்து இந்த வருடம்தான் எழுதக் கற்றேன். இது என் முதல் மனு. ஒவ்வொரு 'ழ' போடும்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

1. விமானம் தீப்பிடித்தால் எல்லோரும் ஒன்றரை நிமிடத்தில் வெளியேற முடியுமா என்று பார்க்க, விமானக் கம்பெனி எங்கள் தெருவில் ஆள் எடுத்தது. நானும் மனைவியும் போனோம். விளக்கை அணைத்து மணி அடித்தார்கள். கூட்டம் நெருக்கியதில் நான் பின்னால் சிக்கிக்கொண்டேன். வாசல்வரை போன மனைவி, தரைக்கு இறங்கும் ரப்பர் சறுக்கில் இறங்காமல் திரும்பி நின்று, "என்னங்க, எங்க இருக்கீங்க?" என்று கத்தினாள். பின்னால் வந்தவர்கள் அப்படியே தேங்கிவிட்டார்கள். நேரம் தாண்டிவிட்டது.

2. மறுபடி எப்போது கூப்பிடுவீர்கள் என்று கம்பெனிப் பொறியாளரைக் கேட்டேன். "இனிமே ஆளுங்க வேண்டாம் தாத்தா. கம்ப்யூட்டர்லயே இறக்கிப் பாத்துட்டோம். ஒருத்தர்கூட நிக்கல" என்றார். ஐயா, என் சந்தேகமே அதுதான். ஒருவர்கூட ஏன் நிற்கவில்லை? நின்றவளை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டார்களா?

3. கணினியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெருப்பை அதில் மூட்டிப் பார்ப்பது நல்லதுதான், யாருக்கும் சுடாது. ஆனால், "கம்ப்யூட்டர்ல இறங்குற அந்தப் பொம்மைங்களுக்குப் புருஷன், புள்ளன்னு யாராச்சும் உண்டாமா?" என்று என் மனைவி கேட்கிறாள். இதைச் சொன்னதும் பொறியாளர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

4. என் மகள் விமானப் பணிப்பெண். அடுத்த மாதம் முதல் அதே விமானத்தில் பின்வாசல் அவள் பொறுப்பு. எல்லோரும் இறங்கிய பிறகே அவள் இறங்க வேண்டும். வாசலில் ஒருவர் திரும்பி நின்றால், கடைசியில் உள்ளே மாட்டிக்கொள்பவள் அவள்தான்.

ஆகவே, சான்றிதழில் கையெழுத்திடுமுன், திரும்பி நிற்பவர்களையும் கணினியில் சேர்த்தார்களா என்று தாங்கள் விசாரிக்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் ஆட்களை வைத்து மீண்டும் நடத்தச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் வருகிறோம். இம்முறை திரும்பிப் பார்க்காதே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அது எப்படிங்க முடியும்?" என்கிறாள். அதற்காகவே அவளை அவசியம் அழைக்கக் கோருகிறேன்.

பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். முன்போல மனு எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

இடம்: என் வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
பின்வாசல் பணிப்பெண்ணின் தகப்பன்
(கையொப்பம், கைநாட்டு அல்ல)