கதவுக்குள் உருளும் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

அலுவலக வாசலில் காரின் கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஓட்டுகிற பக்கம். இழுத்தேன், பட்டென்று ஒரு சத்தம், கையில் ஒரு கறுப்புத் துண்டு. எங்கள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்து உதவியாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பத்திரமா பையில வைங்க மேடம். இனிமே வண்டிய எவனும் திருட முடியாது" என்றார்.

மறுபக்கக் கதவைத் திறந்து, புடவையைச் சுருட்டிக்கொண்டு, கியரைத் தாண்டி இருக்கைக்கு வந்தேன். நாற்பத்தாறு வயதில் இதுவும் ஒரு வித்தை.

வீட்டில் கணவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு நட்டு, ஒரு கம்பி. ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்." எங்கள் வீட்டில் பழுது எதுவும் வெளியே போனதில்லை. மிக்ஸி, குழாய், மகளின் மூக்குக்கண்ணாடி, எல்லாம் அவர் கைதான். பல் செட் கட்டுகிற கை. மயிரிழை உயரம் கூடினாலும் போட்டுக்கொள்கிறவருக்குச் சோறு இறங்காது என்பார்.

மார்ச் 8, ஞாயிறு

புதுக் கைப்பிடி வாங்கி வந்துவிட்டார். வாசலில் செய்தித்தாள் விரித்து, கதவின் உள்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே இருக்கிற நட்டு கண்ணுக்குத் தெரியாதாம். ஓட்டை வழியாகக் கையை விட்டு, விரலால் தடவித்தான் மாட்ட வேண்டுமாம். டார்ச் பிடிக்கிறேன் என்றேன்.

"வேணாம். வெளிச்சத்த மறைக்கிற, உள்ள போ."

சமையல் முடிந்து வந்து பார்த்தபோது பலகை மாட்டியாகிவிட்டது, கைப்பிடி மாட்டவில்லை. "கடைக்காரன் சைஸ் மாத்திக் குடுத்துட்டான்" என்றார். கைப்பிடி ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

கதவைச் சாத்தினால் உள்ளே எதுவோ உருள்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது முறை. மகள் விடுதியிலிருந்து பேசினாள். "என்னப்பா, வண்டிக்கும் பல்லு கட்டறீங்களாமே, எப்ப டெலிவரி?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

கைப்பிடி மறுபடி ஃபிரிட்ஜ் மேல். மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியைக் காணோம் என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை. "நீதான் எங்கயோ எடுத்து வச்சிருப்ப. என் சாமான்ல கை வைக்காதன்னு எத்தனை தடவ சொல்றது." நான் தொட்டதே இல்லை. மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தேன்.

மார்ச் 19, வியாழன்

படிக்கிற கண்ணாடியை வைத்துவிட்டுப் போய்விட்டார். கொடுப்பதற்காக அவர் வேலை செய்கிற பல் மருத்துவமனைக்குப் போனேன். டீ குடிக்க வெளியே போயிருந்தார். பல் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார், பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"கொஞ்ச நாளா அவர் வேலை அவர் வேலை மாதிரி இல்லீங்க. ஒரு அம்மாவுக்குத் திருப்பித் திருப்பி செஞ்சும் செட்டு உக்காரல. இத்தனை வருஷத்துல அவர ஒரு வார்த்தை கேட்டதில்ல, எப்படிக் கேக்கறதுன்னும் தெரியல. வீட்டுல ஏதாவது...?"

"தூக்கம் சரியில்ல டாக்டர்."

எவ்வளவு தயாராக இருந்தது அந்தப் பொய்! யாரோ எப்போதோ எழுதி என் வாயில் வைத்த மாதிரி.

ஏன் தயாராக இருந்தது? காபியைப் பாதி டம்ளர் போதும் என்கிறார், எனக்குத் தெரியும். ஸ்கூட்டரை மூடி வைத்துவிட்டு, நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்கிறார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. வீட்டில் பொத்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டுப் பை வைத்த பனியனுக்கு மாறிவிட்டார். நாளெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை அளக்கிறவள் நான். பாதி டம்ளரை அளக்கத் தெரியாதா எனக்கு?

மார்ச் 22, ஞாயிறு

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முழங்கை வரை கதவுக்குள் விட்டிருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், வேறு யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல. உள்ளே நட்டு விழுகிற சத்தம் ஜன்னல் வரை கேட்டது. அப்படியே நெற்றியைக் கதவின் தகரத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம். பிறகு பனியன் பையிலிருந்து இன்னொரு நட்டை எடுத்தார். ரொம்ப நேரம் எடுத்தார்.

போய்ப் பிடித்திருக்கலாம். "குடுங்க நான் பிடிக்கறேன்"னு ஒரு வார்த்தை. போகல. காஸ் மேல பால் இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு உள்ள வந்துட்டேன். பால் ஒண்ணும் இல்ல.

மார்ச் 26, வியாழன்

அரைநாள் விடுப்பு போட்டு, அவருக்குச் சொல்லாமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நோக்கம் கைப்பிடி இல்லை. அந்தச் சத்தம். தெருவில் ஒவ்வொரு திருப்பத்திலும் கதவுக்குள் எல்லாம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் அவர் நெற்றியை வைத்துக்கொண்ட இடமே கண்ணில் நிற்கிறது. தாங்க முடியவில்லை.

மெக்கானிக் பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டான். எடுத்தான், எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். நட்டு, வாஷர், பிளாஸ்டிக் கிளிப்.

"என்னக்கா இது, கதவா உண்டியலா?"

கடைசியாக ஒரு சின்னக் கத்தி. நுனியில் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரு காகிதக் கோப்பையில் போட்டுக் கொடுத்தான். ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்துப் போயிருந்த கைப்பிடி என் பையிலேயே இருந்தது. பொருந்துமா பார் என்று கொடுத்தேன். "கரெக்ட் சைஸ்தான்க்கா. டீ ஆறறதுக்குள்ள மாட்டிடுவேன், மாட்டவா?"

வேண்டாம் என்றேன். பழையபடியே மூடிவிடு.

"மாட்டாம போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவனிடம் என்ன சொல்ல? மாட்டினால் அவரைத் தோற்கடித்தது ஆகும் என்றா? சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையை அவருக்கே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கோப்பையை அலுவலக இழுப்பறையில், காலிப் புட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கைப்பிடி மறுபடி ஃபிரிட்ஜ் மேல் போய்விட்டது. புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

வண்டியில் சத்தமே இல்லை. நிம்மதியாக ஓட்டினேன்.

மார்ச் 29, ஞாயிறு

செய்தித்தாள் விரித்தார். வேலையை ஆரம்பிக்கும் முன் கதவைத் திறந்து சாத்தினார். நின்றார். மறுபடி திறந்து சாத்தினார். தகரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று.

"யாரு தொறந்தது?"

"நான்தான். பட்டறைக்குக் கொண்டுபோனேன்."

"எவன்கிட்டயோ காட்டியிருக்க."

"காட்டணும்னு இல்லீங்க. உள்ள கிடந்தத எடுக்க..."

"எத்தனை இருந்துச்சு?"

"எண்ணல."

எண்ணியிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

"கத்தி?"

"இருந்துச்சு."

விரித்த செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையை மறைக்கவில்லை. மடியில் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"சத்தம் இருந்த வரைக்கும் உனக்குத் தெரியாதுன்னு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

மழைக்காலத்திலிருந்து என்று எப்படிச் சொல்வது? அவர் தனியாக ஒளித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டுக்குள்.

மத்தியானம் அவரே சொன்னார். "டாக்டர்ட்ட போலாம். மகளுக்கு இப்ப சொல்லாத, பரீட்சை இருக்கு."

ஏப்ரல் 2, வியாழன்

நரம்பு டாக்டர். சின்ன வயது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். காகிதத்தில் நத்தை ஓடு மாதிரிச் சுருள் வரையச் சொன்னார். அவர் கிடுக்கிப்பிடியாகப் பேனாவைப் பிடித்துக் குனிந்து வரைந்தார். பரீட்சையில் தேறிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பதுபோல. கோடு பல் பல்லாக வந்தது.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்படும், போகாது என்றார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "நுணுக்கமான வேலைங்க. செய்யலாமா?"

"முடியற வரைக்கும் செய்யுங்க சார்."

வழியெல்லாம் கதவுகூடப் பேசவில்லை. அந்த உருளல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஏப்ரல் 9, வியாழன்

பல் டாக்டரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். டாக்டர் ரொம்ப மரியாதையாகப் பேசினாராம், காபி வரவழைத்தாராம். பின்னறையில் இவர் உட்கார்ந்து வேலை செய்கிற நாற்காலியில் வேறு ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாராம். "நல்ல கை" என்றார் என்னிடம். "பாத்தேன். நல்ல கைதான்."

கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அந்தச் சின்னக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "காய் நறுக்க வச்சுக்கோ." அதில் காய் நறுக்க முடியாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் ஃபிரிட்ஜ் மேலிருந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். ஐயோ, மறுபடியுமா என்று பின்னாலேயே ஓடினேன்.

"வளையலக் கழட்டு. நீ கைய விடு, நான் சொல்றேன்."

கதவுக்குள் கையை விட்டேன். இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, தகர விளிம்பு முழங்கையைக் கீறியது. அவர் டார்ச் பிடித்தார். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காமல் சுவரிலும் என் கழுத்திலும் குதித்தது. அணைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குரல் மட்டும்.

"மேல. இன்னும் மேல. கம்பி தட்டுப்படுதா? அதுக்குப் பின்னால ஒரு முளை இருக்கும். நட்ட நகத்தால பிடிக்காத, விரல் சதையால பிடி. திருகாத, முதல்ல பின்பக்கமா ஒரு சுத்து, அப்பதான் மரை உக்காரும்."

எங்கே எது இருக்கிறது என்று அவருக்கு ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

முதல் நட்டு ஏறிவிட்டது. இரண்டாவது என் விரலிலிருந்து நழுவியது. டங், டங், அடியில் போய் நின்றது. இரண்டு பேரும் அசையாமல் கேட்டோம்.

காந்தம் கொண்டுவரட்டுமா என்றேன்.

"கிடக்கட்டும் விடு" என்று பனியன் பையை என் பக்கம் நீட்டினார். "வேற எடுத்துக்கோ."

ஏப்ரல் 13, திங்கள்

கதவு வெளியிலிருந்து திறக்கிறது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு அவரும் வேலைக்குக் கிளம்பியிருப்பார். சாத்தினேன். உள்ளே ஒன்று உருண்டது.

அது நான் போட்டது.