ஷெட்டில் இருக்கும் தலையணை

என்னங்க,

கட்டட அனுமதி ஆபீஸிலிருந்து இன்று மதியம் ஆள் வருகிறார், பின்னால் நீங்கள் கட்டிய ஷெட்டைப் பார்க்க. "நம்ம இடத்துல கட்ட யாரைக் கேக்கணும்?" என்று அவரிடமும் ஆரம்பித்துவிடாதீர்கள். கட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்கிறோம், வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளப்பாராம். அங்கே சாத்தியிருக்கும் ஏணியை எடுத்துவிடுங்கள்.

நேற்று போனில், "உள்ள யாரும் தங்கலையேம்மா?" என்று கேட்டார். ஆள் படுத்தால் அது ஷெட் இல்லையாம், வீட்டுக் கணக்காம். அதற்கு அனுமதி கிடைக்காதாம். "சாமான் மட்டும்தாங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அங்கே சாமான் மாதிரி பேசாமல்தானே கிடக்கிறீர்கள், பெரிய பொய்யாகத் தோன்றவில்லை.

அதனால் மெத்தை, தலையணை, டேபிள் ஃபேன், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அவர் வருவதற்குள் வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். சண்டை போட்டுவிட்டு நீங்கள் அங்கே படுக்கப் போனது ஊருக்குத் தெரிய வேண்டாம். அதை நினைத்தால் எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை.

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு ஷிப்ட், வர நேரமாகும்.

பி.கு.: அவர் போனதும் மெத்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதானால் போங்கள். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. கட்டிலில் உங்கள் பக்கம் மடித்த துணியை அடுக்கி வைத்திருந்தேன். காலையில் எடுத்துவிட்டேன்.