முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது

முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
1957, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

காரைக்காலில் ஒளிந்திருக்கும் என் கணவர் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, மனைவி செல்வாம்பாள் வணக்கம் சொல்லி எழுதுவது.

எல்லோரும் நலம் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். இந்த வீட்டில் இப்போது நலமாக இருப்பது அடுப்படிப் பூனை ஒன்றுதான். அதற்கும் பால் கிடையாது.

லாரிக்காரர் பாவாடை நேற்று வந்தார். நீங்கள் சொல்லி அனுப்பியதை ஒன்று விடாமல் சொன்னார். மெக்கானிக் இராமதாஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிற அன்றைக்கே அவன் தலையை எடுக்கப் போகிறீர்களாம். அதற்கென்று அரிவாள் வாங்கிச் சாணை பிடித்து வைத்திருக்கிறீர்களாம். "வெறும் பேச்சில்ல அண்ணி. அருவாள என் கையில குடுத்து, கூர் எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்றார். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் போலீசார் பிரித்துவிடுவார்கள் என்று பயம். அரிவாளைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். நடுவில் கிழித்துப் போட்டீர்களானால் உங்களைப் போல மடையர் இந்த உலகத்தில் இல்லை. புருஷனுக்கு இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள். மரியாதையாக எழுதுகிற நிலையில் என்னை நீங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை.

முதலில் இராமதாஸின் நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி முடுக்கும் ஹாண்டிலால் அவன் மண்டையில் போட்டீர்களே, அன்றைக்கு அவன் முகம் கழிவு எண்ணெய்த் தட்டில் கிடந்தது. எது எண்ணெய், எது இரத்தம் என்று தெரியவில்லை. அப்போதும் நீங்கள் விடவில்லை. விழுந்து கிடந்தவன் முழங்கையில் ஒரு அடி, விலாவில் ஒரு உதை. மறுபடியும் ஓங்கினீர்கள். நான் ஓடி வந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன், என்னையும் உதறித் தள்ளினீர்கள். அவன் மண்டையில் அடி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் தேங்காய் உடைக்கப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு மண்டை முழுக்கத் தையல் போட்டிருக்கிறார்கள். இடது முழங்கை நொறுங்கிவிட்டது. ஒரு காது கேட்காது. ஆனாலும் பிழைத்துவிட்டான். அவன் செத்திருந்தால் உங்கள் கழுத்துக்குக் கயிறு, என் கழுத்தில் ஒன்றும் இல்லை. அதை நினைத்துத்தான் அவன் பிழைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

நீங்கள் ஓடிய மறுநாள் காலையில் அவனுடைய மச்சான்மார்கள் வந்தார்கள். கையில் இரும்புக் குழாய். உங்களைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, அதனால் வீட்டை அடித்தார்கள். பானைகள், விளக்கு, உங்கள் அம்மா வைத்துவிட்டுப் போன கண்ணாடி பீரோ, எல்லாம் போயிற்று. மூத்தவன் என் தலைமுடியைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் அவன் மணிக்கட்டைக் கவ்விப் பல் பதியக் கடித்தேன். அவன் குழாயால் என் தாடையில் அடித்தான். கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. பிறகு உலக்கை கையில் கிடைத்தது. அதை எடுத்து அவன் முழங்காலைப் பார்த்து வீசினேன், அவன் நொண்டிக்கொண்டுதான் திரும்பிப் போனான். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கோபம் எப்படி இனிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

இனி உங்கள் தம்பி கொளஞ்சி. பாவாடையிடம் நீங்கள் அவனைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்களாம். உயிருக்கு ஆபத்தில்லை. முகத்தில் தீக்காயம் ஆறி வருகிறது. கைகள்தான் தேறவில்லை. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இடது கையில் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. இனிமேல் அவனால் வண்டி ஓட்ட முடியாது. வேட்டியைக்கூடத் தானாகக் கட்ட முடியாது. காலாப்பட்டுப் பெண்வீட்டார் வந்து பார்த்தார்கள், உட்காரவில்லை. தாம்பூலம் மாற்றியதை மறந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இதைப் படித்ததும் அரிவாளைத் தேடுவீர்கள். பொறுங்கள். கோபத்தில் உங்களுக்கு எது முன்னே, எது பின்னே என்பதே மறந்திருக்கும். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

இராமதாஸ் அயோக்கியன்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கப்பலேறிப் போன பிரெஞ்சுத் துரையிடம் வாங்கிய நம் வாடகைக் கார், தினமும் காலையில் பாட்டரி செத்து நின்றது. டைனமோ போய்விட்டது என்றான். அதை மாற்றினோம். அடுத்த வாரம், டைனமோவையும் பாட்டரியையும் சேர்த்துப் பிரிக்கிற கட்-அவுட் போய்விட்டது என்றான். அதையும் மாற்றினோம். பிறகு மறுபடியும் டைனமோ. வண்டி நம் வாசலில் நின்றதைவிட அவன் கொட்டகையில் நின்றதுதான் அதிகம். கடைசியில் நீங்களே பின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தீர்கள். அடியில் துணி சுற்றிய ஒரு சின்ன பல்பு. வெளிச்சம் தெரியாமல் இருக்கக் கறுப்பு மை பூசி, பாட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, அது இரவு பகலாக எரிந்துகொண்டே இருந்தது. பாட்டரியின் உயிரைக் குடித்தது அதுதான். அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய் அவன் வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே அவனைச் செருப்பால் அடித்தீர்கள். அது சரிதான். நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்.

அதோடு விட்டிருக்கலாம். சார்ஜ் ஏற்ற அவனிடம் கொடுத்திருந்த பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து, இனி எவன் தயவும் வேண்டாம் என்று நீங்களே வண்டியில் பூட்டினீர்கள். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, இன்ஜினும் ஓடியது. மறுநாள் காலாப்பட்டுச் சவாரிக்குக் கொளஞ்சி தனியாக எடுத்துக்கொண்டு போனான். கடைத்தெரு தாண்டி வேகம் எடுத்ததும் பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. இன்ஜினை நிறுத்தினான், புகை நிற்கவில்லை. மூடியைத் திறந்து, பழுக்கக் காய்ந்த ஒயரை வெறும் கையால் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் பெட்ரோல் பற்றிக்கொண்டது. இராமதாஸ் செருப்படிக்குப் பழிவாங்கிவிட்டான், பாட்டரியிலேயே ஏதோ செய்து கொடுத்துவிட்டான் என்று நீங்கள் ஹாண்டிலை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அவன் செய்ததை நிரூபித்து அவனைக் கம்பி எண்ண வைக்க வேண்டும் என்று கிளம்பினேன். துரைமார்களின் கார்களுக்கு ஒயர் வேலை பார்த்த ஜானகிராமனைக் கூட்டிவந்து எரிந்த வண்டியைக் காட்டினேன். அவர் நிறைய நேரம் குனிந்து பார்த்தார். பாட்டரி கரிந்திருந்தாலும் அதன் தலையில் வார்த்திருந்த கூட்டல் குறி அழியவில்லை. அதைத் தொட்டுக்காட்டினார். "இதுல இராமதாசு கை இல்லம்மா. பாட்டரியத் திருப்பிப் பூட்டியிருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இங்கிலீஷ்காரன் லாரிகளில் பாட்டரியின் பிளஸ்ஸை வண்டியின் இரும்புடம்போடு பூட்டுவார்களாம். நம் வண்டி மாதிரி பிரான்சு வண்டியில் மைனஸைத்தான் உடம்போடு பூட்ட வேண்டுமாம். மாற்றிப் பூட்டினாலும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், இன்ஜின் ஓடும். ஆனால் வேகம் எடுத்து டைனமோ கரண்டு கொடுக்கத் தொடங்கியதும் பாட்டரியும் டைனமோவும் சேர்ந்து ஒயரைப் பொசுக்கிவிடுமாம். கட்-அவுட்டைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால்தான் இன்ஜினை நிறுத்திய பிறகும் ஒயர் எரிந்திருக்கிறது. "பட்டணத்துல இங்கிலீசு லாரியில தொழில் கத்துக்கிட்டவன் யாரோதான் இத பூட்டியிருக்கான். இங்க வந்து நெறைய பேரு இப்படித்தான் கெடுத்துக்கிறாங்க" என்றார். யார் பூட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீங்கள் சென்னைப் பட்டணத்தில் எந்த லாரியில் தொழில் கற்றீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொளஞ்சியைக் கேட்டேன். முதலில் தெரியாது என்றான். முகத்தைத் திருப்பினான். நான் கத்தினேன், நர்சம்மா வந்து அதட்டினாள். பிறகு சொன்னான். நீங்கள் பாட்டரியைப் பூட்டி விளக்கைப் போட்டபோது சார்ஜ் காட்டுகிற மீட்டரின் முள் ஏறுகிற பக்கம் சாய்ந்ததாம். பார்த்தியாடா, பாட்டரி எப்படி ஏறுகிறது என்று நீங்கள் சிரித்தீர்களாம். அவன், "இன்ஜின் ஓடாமலே எப்படிண்ணே சார்ஜ் ஏறும்? முள்ளு எதிர்ப்பக்கம் போவுதுண்ணே" என்றானாம். எனக்கே பாடம் சொல்கிறாயா என்று பளாரென்று ஒன்று விட்டீர்களாம். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. மறுநாள் நீங்கள் எடுத்துக்கொண்டு போ என்றதும் எடுத்துக்கொண்டு போனான். பயமாக இருந்ததாம். மறுபடியும் சொன்னால் மறுபடியும் அடிப்பீர்களே என்று அதைவிடப் பயமாக இருந்ததாம்.

இதைச் சொல்லிவிட்டு, "அண்ணி, அண்ணனுக்கு எழுதிடாதீங்க. தாங்க மாட்டாரு" என்று அழுதான். துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான் என் முந்தானையால் துடைத்தேன். எழுத மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியமும் செய்தேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இராமதாஸ் படுத்திருப்பது கொளஞ்சிக்கு அடுத்த கூடத்தில். நேற்று மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினான். காறித் துப்பிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். தலை முழுக்கக் கட்டு, ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. "அக்கா, அந்த பல்ப நான்தான் வெச்சேன். உங்க வீட்டுக்காரு பல்பதான் புடுங்கினாரு, ஒயரு உள்ளயே கெடந்திருக்கும். அதுலதான் பத்திக்கிச்சு. பையன் கை என்னாலதான் போச்சு. போலீஸ் கொமிசேர் வந்து கேட்டாரு, ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். அவரு அடிச்சது நியாயந்தான்க்கா" என்றான். மச்சான்மார்களையும் இனி நம் வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டானாம்.

பாட்டரியைத் திருப்பிப் பூட்டியிருந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் கொமிசேரிடம் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்வான், உங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயம். அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். திருடன் திருடியதற்கு அழட்டும், எனக்குக் கவலையில்லை. செய்யாததற்கும் சேர்த்து அழுகிறானே, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த மனிதனுடைய தலையைத்தான் நீங்கள் எடுக்கப் போகிறீர்கள்.

கோபம் வந்தால் உங்களுக்கு எதிரில் இருப்பது தம்பியா, பெண்டாட்டியா, மெக்கானிக்கா என்று தெரிவதில்லை. என்னை அடித்த நாட்களில் வெளியே சொல்லாமல் இருந்தேன். ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இனி அந்தச் சமாதானம் என்னிடம் இல்லை. இப்போதும் இதைப் படித்துவிட்டு நீங்கள் முதலில் என்னைத்தான் அடிக்க நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அடிக்க வேண்டுமானால் வந்து அடியுங்கள். ஆனால் அரிவாளைப் பாவாடையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அவர் அதை விறகு வெட்ட வைத்துக்கொள்வார். அரிவாளோடு வந்தால் இராமதாஸ் கட்டிலுக்கு முன்னால் நான்தான் நிற்பேன். என்னைத் தாண்டித்தான் நீங்கள் அவனிடம் போக வேண்டும். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அவனிடம் நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் வந்து சொல்லுவீர்களா, மாட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. சொன்னால் ஜெயில் கிடைக்கலாம். ஜெயிலுக்குச் சோறு கொண்டுவருவேன். அது எனக்குக் கஷ்டமில்லை.

கொளஞ்சி என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறான். நர்சம்மா ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்கிறான். அண்ணன் எப்போது வருவார் என்று மட்டும் தினமும் கேட்கிறான். அண்ணியிடம் வெட்கப்படுகிற பிள்ளை, அண்ணன் ஊட்டினால் சாப்பிடுவான்.

எல்லாப் பெண்களும் புருஷனுடைய ஆயுளுக்குத்தான் வேண்டிக்கொள்வார்கள். நான் இந்த வெள்ளிக்கிழமை உங்கள் கைகளுக்காக வேண்டிக்கொண்டேன். அவை இனி எவன் மேலும் விழாமல் மாரியம்மன் காக்கட்டும். இங்கே ஒருவன் பசியோடு படுத்திருக்கிறான். சீக்கிரம் வந்து அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்தும், அதற்குப் பயந்தும் இருக்கும்
செல்வாம்பாள்.